உம் கொட்டுகிறவருக்காக எழுதியவர்

‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் பேய்க் கதை சொல்ல, பாலையா வெலவெலத்துப் போய்க் கேட்கும் காட்சியை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அதை எழுதியவர் யார் என்று கேட்டால் மட்டும் பெரும்பாலோர் படத்தை இயக்கிய ‘ஸ்ரீதர்’ என்பார்கள். மிச்சம் இருப்பவர்கள், ‘எழுதுவதாவது, நாகேஷ் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பார்’ என்பார்கள். நகைச்சுவை எழுதுகிறவனுக்குத் தமிழ் சினிமாவில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான். சிரிப்பு நன்றாக வந்துவிட்டால் அது நடிகரின் சொத்து. வராவிட்டால்தான் எழுதியவனைத் தேடுவார்கள்.

சித்ராலயா கோபு என்பது அவர் பெயர். இயற்பெயர் சடகோபன். செங்கல்பட்டில் ஸ்ரீதரோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பர். சித்ராலயா என்பது ஸ்ரீதர் நடத்திய படக் கம்பெனி. அந்தக் கம்பெனிப் பெயர் இவருக்கு முன்னொட்டாகி, அப்படியே நிலைத்துவிட்டது. அவருடைய மனைவி கமலா சடகோபன் நாவலாசிரியர். ஒரே வீட்டில் ஒருவர் உட்கார்ந்து நாவலும் இன்னொருவர் நாடகமும் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கோபுவுக்கும் தாமிரபரணிக்கும் பிறப்பால் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பாலையாவுக்கு உண்டு. டி.எஸ். பாலையாவின் ‘டி’ திருநெல்வேலி. பிறந்த ஊர் சுண்டங்கோட்டை. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது, அப்போது எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லாதான். நாடகக் கம்பெனிகளில் அடிபட்டு, 1936-ல் ‘சதி லீலாவதி’யில் சினிமாவுக்குள் நுழைந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதே படம்தான் முதல் படம். ஆகவே ‘காதலிக்க நேரமில்லை’யைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சு எழுந்தால், ‘நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இல்லாவிட்டால் அந்தப் படமே கிடையாது’ என்று யாராவது ஒருவர் மீசையைத் தடவிக்கொள்வார். பிறந்த ஊர்ப் பெருமை ஒருபுறம் கிடக்கட்டும். பாலையா இல்லாவிட்டால் அந்தக் காட்சி என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதற்குப் பதில் தேடினால் கோபுவின் கைவேலை பிடிபடும்.

எங்கள் வீடு முக்கூடல் பக்கம். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். என் சித்தியும் அவளோடு தெருப் பெண்கள் நாலைந்து பேரும் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், தலை நிமிராது. இலை, தூள், நூல் என்று கண்ணும் கையும் தட்டுக்குள்ளேயே இருக்கும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். அதற்குத் தீனி போடுவது ரேடியோ. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் முதல் தேதி தொடங்கியது. ‘காதலிக்க நேரமில்லை’ வெளியானது 1964 பிப்ரவரியில். ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்ந்த விருந்தாளிகள். நான் விவரம் தெரிந்து கேட்க ஆரம்பித்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் என்றால் தெரு அடங்கிவிடும். இலங்கை வானொலி வேறு கடல் தாண்டித் தெளிவாகக் கேட்கும்.

மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணி நேரத்துக்கு வெட்டி, படத்தை எடுத்துவிட்டு ஒலியை மட்டும் கொடுப்பதுதான் ஒலிச்சித்திரம். இதில் தப்பிப் பிழைக்கிற சினிமா எது, சாகிற சினிமா எது என்பது சித்திக்குத் தெரியும். அழுகைப் படங்கள் பிழைத்துவிடும். வீராவேச வசனங்கள் பிழைத்துவிடும். நகைச்சுவைதான் பாவம். ஒருவர் வழுக்கி விழுவார், தியேட்டரில் சிரிக்கிற சத்தம் நமக்குக் கற்பனையில்கூட வராது, வெறும் ‘தொம்’மென்ற ஓசை மட்டும் கேட்கும். “என்னத்தையோ உடைத்துப்போட்டான்” என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுப்பாள் சித்தி.

கோபு எழுதிய படங்கள் அந்தத் திண்ணையில் தோற்றதே இல்லை. காரணம் எளிது. அவர் மேடை நாடகக்காரர். மேடையில் பின்வரிசைக்காரனுக்கு முகம் தெரியாது, குரல்தான் போய்ச் சேரும். வசனம் தானாக நிற்க வேண்டும். யார் யாரிடம் எதை மறைக்கிறார், எந்த நிமிஷம் அது வெளியே வரப்போகிறது என்பது காதிலேயே தெளிவாகிவிட வேண்டும். இந்தப் பயிற்சி இருந்ததால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர் கதையில் யாரும் வழிதவறுவதில்லை.

ஆனால் அந்தப் பேய்க் கதைக் காட்சி மட்டும் எனக்குப் பெரிய புதிராக இருந்தது. ரேடியோவில் நாகேஷின் குரல்தான் முழுக்க முழுக்க. கதவு கிறீச்சிடுவதும் காலடி நடப்பதும் அவர் வாயிலிருந்தே வரும். நடுவே திடீரென்று ஒன்றும் கேட்காது. அந்த வெற்றிடத்தில் ஓர் இழுத்த மூச்சு, அல்லது தொண்டைக்குள்ளேயே செத்துப்போன ஒரு சின்ன முனகல். அவ்வளவுதான். அந்த இடத்தில் சித்தியின் விரல் பாதி சுற்றிய பீடியோடு நின்றுவிடும். அவள் சிரிப்பது நாகேஷ் பேசும்போது அல்ல, பேச்சு நிற்கும்போது. எதற்காகச் சிரிக்கிறாள் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

பிறகு திருநெல்வேலி டவுனில் அந்தப் படத்தைப் பகல் காட்சியில் மறுவெளியீடாகப் பார்த்தேன். அப்போதுதான் ரேடியோவில் காலியாக இருந்த இடமெல்லாம் பாலையாவின் முகம் என்று தெரிந்தது. எஸ்டேட் முதலாளி விசுவநாதன். மகன் செல்லப்பா ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று போர்டு மாட்டிக்கொண்டு, படம் எடுக்கப் பணம் கேட்டு அப்பாவின் உயிரை எடுக்கிறவன். அந்த அப்பாவைத்தான் மகன் கதை சொல்லிப் பயமுறுத்துகிறான். நியாயப்படி அந்தக் கதையைக் கேட்க அவருக்கு விருப்பமே இல்லை. பணம் கொடுக்கும் உத்தேசமும் இல்லை. இருந்தும் கதை அவரை இழுத்துக்கொண்டு போகிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. கண் விரிகிறது, உதடு கோணுகிறது, கை எதையோ பிடித்துக்கொள்ளத் தேடுகிறது. அவருக்கு அங்கே வசனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

இங்கேதான் எழுத்தாளரின் துணிச்சல் இருக்கிறது. பாலையா மாதிரி கணீர்க் குரல் உள்ள ஒரு நடிகர் கையில் கிடைத்தால், அவருக்குப் பதிலுக்குப் பதில் வசனம் எழுதித் தள்ளத்தான் எல்லோருக்கும் தோன்றும். கோபு எழுதாமல் விட்டார். கதை சொல்கிறவனுக்குப் பக்கம் பக்கமாகக் கொடுத்துவிட்டு, கேட்கிறவருக்கு உம் கொட்டுகிற வேலையைக் கொடுத்தார். ஸ்ரீதர் அந்த முகத்துக்குப் போதிய நேரம் விட்டுக் காத்திருந்தார். சிரிப்பு பிறந்தது.

எங்கள் சீமைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிய வித்தை அல்ல. கோயில் திருவிழாவான கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கிற ஊர்கள் இவை. புலவர் வில்லைத் தட்டிக் கதை சொல்லிக்கொண்டு போவார். பக்கத்தில் குடக்காரரும் பின்பாட்டுக்காரரும் ‘ஆமாம்’ போட்டுக்கொண்டே வருவார்கள். நல்ல புலவர் இருந்தும் ஆமாம் போடுகிறவர் மட்டமாக இருந்தால் கதை படுத்துவிடும். அவர் ஆச்சரியப்படுகிற இடத்தில்தான் கூட்டமும் ஆச்சரியப்படும். செல்லப்பா வில்லடிக்கிறான், விசுவநாதன் ஆமாம் போடுகிறார். ஆமாம் போடுகிறவர் அரண்டு போயிருப்பதுதான் கோபு வைத்த திருகல்.

இதை நேரிலேயே பரிசோதித்துப் பார்த்த அனுபவமும் உண்டு. எங்கள் ஊர் அம்மன் கொடையில் ஒரு வருஷம் இளவட்டங்கள் சேர்ந்து மேடை போட்டோம். அந்தப் பேய்க் கதைக் காட்சியையே எடுத்துக்கொண்டோம். நாகேஷ் வேஷத்துக்கு ஆளுக்கு ஆள் போட்டி. பாலையா வேஷத்துக்கு யாரும் வரவில்லை, பேச்சே இல்லாத வேஷம் யாருக்கு வேண்டும்? கடைசியில் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவரை உட்காரவைத்தோம். அவருக்கு மைக் பார்த்த சந்தோஷம். பையன் கதவு கிறீச்சென்றது என்றதும், “ஐயையோ, யார் அது?” என்றார். காலடிச் சத்தம் என்றதும், “எனக்குப் பயமாக இருக்கிறதே” என்றார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒத்திகை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார்.

“வே, நீர் வாயைத் திறக்காதேயும். பயந்தவனுக்குப் பேச்சு வருமா? கேட்டுக்கொண்டு மட்டும் இரும். அவன் சொல்லட்டும்.”

“பேசாவிட்டால் நான் மேடையில் இருப்பது யாருக்குத் தெரியும், ஐயா?”

“தெரியும் வே. உம்மைத்தான் பார்ப்பார்கள்.”

கொடை அன்று ராத்திரி அண்ணாச்சி அப்படியே செய்தார். வேட்டி நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டது அவருடைய சொந்தச் சரக்கு. அதன்பிறகு கடையில் யார் சாமான் வாங்கப் போனாலும், ‘அண்ணாச்சி, கதவு கிறீச்சென்கிறது’ என்று சொல்லிவிட்டுத்தான் உப்புப் புளி கேட்டார்கள். கதை சொன்ன பையனை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு என்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

கோபு சினிமாவுக்கு வந்த காலத்தில் நகைச்சுவை என்பது பெரும்பாலும் தனித்தண்டவாளம். கதாநாயகன் கதாநாயகி கதை ஒருபுறம் ஓடும், சிரிப்பு நடிகர்கள் தங்கள் பகுதியைத் தனியே நடத்திக்கொள்வார்கள். என்.எஸ். கிருஷ்ணன் தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே தம் குழுவோடு உருவாக்கினார் என்பது ஊரறிந்த சங்கதி. 1959-ல் வந்த ‘கல்யாணப் பரிசு’ படத்திலும் அப்படித்தான். ஸ்ரீதரின் மூன்றுமுனைக் காதல் கண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்க, தங்கவேலு தம் மனைவியிடம் ‘எழுத்தாளர் பைரவன்’ என்று புளுகிக்கொண்டிருப்பார். அந்தப் புளுகு கோபுவின் பங்கு. படத்தின் சோகம் பலருக்கு மறந்துவிட்டது, பைரவனும் அவர் வேலை பார்ப்பதாகப் புளுகிய மன்னார் அண்ட் கம்பெனியும் மறக்கவில்லை.

அங்கிருந்து ஐந்தே வருஷத்தில் அந்தத் தனித்தண்டவாளத்தையே ரயில்பாதை ஆக்கிவிட்டார்கள். ‘காதலிக்க நேரமில்லை’யின் கதையை ஸ்ரீதரும் கோபுவும் சேர்ந்து எழுதினார்கள். கதாநாயகன், கதாநாயகி, அப்பா, நண்பன் எல்லோருமே சிரிப்புக்குப் பொறுப்பு. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் சாவின் விளிம்பில் படுத்திருந்த முத்துராமனைக் கொண்டுவந்து, பாலையாவின் மகளைக் காதலிக்கிற நண்பனுக்காகப் பணக்காரத் தகப்பனார் சிதம்பரமாக வேஷம் கட்டவைத்தார்கள். முத்துராமனின் முகம் இயல்பிலேயே கொஞ்சம் கவலை படிந்த முகம். பொய் சொல்லுகிறவன் முகத்தில் அந்தக் கவலை இருந்தால் சிரிப்பு இரட்டிப்பாகும் என்று கண்டுகொண்டதற்கு கோபுவுக்கு ஒரு மாலை போடலாம். நாகேஷைப் பற்றி எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், முத்துராமனின் நகைச்சுவையைப் பற்றி எழுத ஆளில்லை.

இந்தப் பணக்காரச் சிதம்பரம் வந்தபிறகு பாலையா பேச்சில் மாறுகிற மரியாதையைக் கவனித்துக் கேளுங்கள். வசதியில்லாத பையனிடம் பேசும் குரல் ஒன்று. அவன் கோடீசுவரர் மகன் என்று நம்பியபின் அதே தொண்டையிலிருந்து வரும் குரல் வேறு. ‘நீர்’, ‘உம்’, ‘அண்ணாச்சி’ என்று மரியாதையை அளந்து அளந்து கொடுக்கிற எங்கள் ஜனங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவருக்கு வயல் விற்றுப் பணம் வந்தால் முதலில் மாறுவது அவரைக் கூப்பிடுகிற முறைதான்.

அதன்பிறகு வந்தவற்றை வரிசைப்படுத்தினால் கோபுவின் கைரேகை தெளிவாகத் தெரியும். 1967-ல் ‘ஊட்டி வரை உறவு’, மறுபடியும் ஸ்ரீதர், மறுபடியும் பாலையா. இந்தத் தடவை அவருடைய பழைய ரகசியம் ஒரு பெண்ணாக வீட்டுக்குள் வந்து நிற்கிறது, ஆனால் வந்தவள் உண்மையான ஆள் இல்லை. 1968-ல் ஸ்ரீதரின் உறவினர் சி.வி. ராஜேந்திரன் இயக்கத்தில் ‘கலாட்டா கல்யாணம்’. தன் காதலியைக் கட்டவேண்டுமானால் அவள் சகோதரிகளுக்கும் மாப்பிள்ளை பிடித்தாக வேண்டிய சிவாஜி. 1970-ல் ‘வீட்டுக்கு வீடு’, இவருடைய மேடை நாடகத்திலிருந்து வந்தது. எல்லாவற்றிலும் ஆள்மாறாட்டம், இல்லாவிட்டால் ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொரு பொய். ஒரே சரக்கு என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. சரக்கு ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் கோபுவின் பொய்யர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பணம் உள்ளவரின் பிடிவாதத்துக்கு முன்னால் வேறு வழியில்லாதவர்கள். பொய் வெளியே வந்தால் ஒருவருக்கும் பெரிய கஷ்டம் வராது, மானம்தான் போகும். நகைச்சுவைக்கு அந்த அளவு ஆபத்து போதும். உயிர் போகும் என்றால் சிரிப்பு வராது, ஒன்றுமே போகாது என்றாலும் வராது.

1972-ல் ஏவி.எம். தயாரிக்க, கோபுவே இயக்கினார். ‘காசேதான் கடவுளடா’. இதுவும் அவருடைய நாடகம்தான். பணப்பெட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டையே ஆட்டிப்படைக்கிற அம்மாளாக மனோரமா. அந்தப் பெட்டியைத் திறப்பதற்காக முத்துராமன் கூட்டம் டீக்கடை அப்பாசாமிக்குச் சாமியார் வேஷம் போட்டு வீட்டுக்குள் அனுப்புகிறது. அப்பாசாமி, தேங்காய் சீனிவாசன். காவி கட்டிக்கொண்டு சுத்தமான மெட்ராஸ் பாஷை பேசுகிற சாமியார். முக்கூடலில் இருந்துகொண்டு அந்தப் பாஷையில் பாதி எங்களுக்குப் புரியாது. புரியாமலே சிரித்தோம், சாமியார் வாயில் வரக்கூடாத பாஷை என்பது மட்டும் காதுக்கே தெரிந்ததால்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் கோபு, எழுத்தாளர் கோபுவுக்கு மிகவும் அடக்கமான வேலைக்காரர். வசனத்துக்குக் குறுக்கே நிற்கமாட்டார். காமிரா சபாவில் முன்வரிசை டிக்கெட் வாங்கியவர்போல அசையாமல் உட்கார்ந்திருக்கும். யார் பேசுகிறாரோ அவர் முகம் தெரியும். ஸ்ரீதர் என்றால் பேசாதவர் முகத்தைத் தேடிப் போவார், பேய்க் கதையில் போனதுபோல. ‘காசேதான் கடவுளடா’வில் அப்பாசாமி அளக்கும்போது மனோரமாவின் கண்ணில் பக்தி ஏறுவதை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும். பணத்தின்மேல் அவ்வளவு கண்ணாக இருக்கிற அம்மாள் ஒரு டீக்கடைக்காரரிடம் விழுந்து கும்பிடுகிறாள். நாம் பார்க்க ஆசைப்படுவது அவள் முகத்தை. காமிராவோ தேங்காயை விட்டு நகர மனமில்லாமல் இருக்கிறது. அதற்காகப் படம் ஓடாமல் போகவில்லை, அமோகமாக ஓடியது. நான் சொல்வது சமையல் நன்றாக இருந்தும் உப்பு தேடுகிற நாக்கின் புகார்.

அதே வருஷம் பாலையா காலமானார். அவரைப் போல உட்கார்ந்து கேட்கத் தெரிந்த நடிகர் அதன்பிறகு கோபுவுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 1988-ல் ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ வந்தது. இயக்கியவர் ராஜசேகர், எழுதியவர் கோபு. பேசுகிற மாதிரி நடந்துகொள்ளும் அந்தக் காரைப் பார்க்கத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓடினார்கள். நான் போனது பாட்டியாக வந்த மனோரமாவுக்காக. பதினாறு வருஷம் கழித்து அதே எழுத்தாளரின் வீட்டில் அவர் மறுபடியும் அதிகாரம் செய்வதைப் பார்க்க நன்றாகவே இருந்தது.

‘காதலிக்க நேரமில்லை’ 1966-ல் இந்திக்குப் போனது. ‘பியார் கியே ஜா’. நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். அந்தப் பேய்க் கதைக் காட்சி அங்கேயும் கொடிகட்டிப் பறந்தது. ஓம் பிரகாஷ் பிரமாதமாகப் பயந்திருக்கிறார். இதை எங்கள் ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். பாஷை தெரியாமல் பார்த்தும் எனக்கு எல்லா இடத்திலும் சிரிப்பு வந்தது. எழுத்து சரியாக இருந்தால் ஆமாம் போட வேறொரு சீமையிலும் ஆள் கிடைப்பார்.

என் மைத்துனர் ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார். இந்த விவகாரத்தில் அவர் எதிர்க்கட்சி. ‘காசேதான் கடவுளடா’தான் கோபுவின் உச்சம் என்பது அவர் வாதம். “அத்தான், நீங்கள் பாலையா முகத்தைப் பார்த்துவிட்டு எழுத்து எழுத்து என்கிறீர்கள். அது ஸ்ரீதர் கொடுத்த இடம், பாலையா போட்ட நடிப்பு. கோபு தனியாளாக நின்று ஜெயித்தது காசேதானில்தான்” என்கிறார். எழுதாமல் விட்டதையும் எழுத்து என்று எப்படிக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்பது அவர் கேள்வி. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, அப்படியானால் இரண்டையும் படம் போடாமல் சத்தம் மட்டும் வைத்துக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். கேட்டோம். முடிந்தபின்னும் அவர் கட்சி மாறவில்லை, நானும் மாறவில்லை. அடுத்த தடவை ‘ஊட்டி வரை உறவு’ம் சேர்த்து வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது.